செக் எஞ்சின் லைட்: 24,800 ரூபாய் எஸ்டிமேட் 1,750 ரூபாய்ல முடிஞ்ச கதை



போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை என் சித்தி பையன்கிட்ட இருந்து போன். "அண்ணே, ஒரு 25,000 ரூபாய் கிரெடிட் கார்டுல ஈஎம்ஐ போட்டா வட்டி எவ்வளவு வரும்?"

அவனுக்கு வீடு ராஜபாளையம், வேலை ஸ்ரீவில்லிபுத்தூர். கையில் வர்ற சம்பளம் 27,500. ரெண்டு வருஷமா நான் சொல்லிச் சொல்லி, எமர்ஜென்சி ஃபண்டுல 41,000 சேர்த்து வச்சிருக்கான். அதுல கை வைக்க மனசில்லாம ஈஎம்ஐ கேக்குறான். எதுக்குடான்னு கேட்டா, கார்ல மஞ்சள் கலர் செக் எஞ்சின் லைட் எரியுது, ஒர்க்‌ஷாப்ல எஸ்டிமேட் கொடுத்துட்டாங்கங்கிறான்.

2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. எஸ்டிமேட் இப்படி இருந்தது:

- ஆக்ஸிஜன் சென்சார்: 8,200
- ஃப்யூயல் பம்ப் அசெம்பிளி: 9,600
- இன்ஜெக்டர் கிளீனிங்: 2,800
- ஸ்பார்க் பிளக் நாலு: 1,400
- லேபர்: 2,800
- மொத்தம்: 24,800 ரூபாய்

முதல்ல அவன் கேட்ட கணக்கைச் சொல்லிடறேன். வருஷத்துக்கு 16% வட்டியில் 12 மாசம் ஈஎம்ஐ போட்டா மாசம் 2,250 ரூபாய். மொத்தம் 27,000. அதாவது வட்டி மட்டும் 2,200. அதுக்கு மேல ப்ராசஸிங் ஃபீஸ், வட்டி மேல 18% ஜிஎஸ்டி எல்லாம் சேரும்.

ஆனா நான் அவன்கிட்ட திருப்பிக் கேட்ட கேள்வி வேற. "எந்தப் பார்ட் போச்சுன்னு எந்த டெஸ்ட் பண்ணி கண்டுபிடிச்சாங்க?"

"ஸ்கேனர் போட்டாங்கண்ணே. பி 0171னு கோட் வந்துச்சு. சிஸ்டம் டூ லீன்னு சொன்னாங்க."

அவ்வளவுதான். வேற டெஸ்ட் எதுவும் பண்ணலை. அந்த ஒரு கோடை வச்சு அஞ்சு ஐட்டம் எழுதிட்டாங்க. இன்னைக்கு நாம பார்க்கப்போறது இதுதான்: அந்தக் கோட் உண்மையில் என்ன சொல்லுது, என்ன சொல்லலை, பணம் செலவு பண்றதுக்கு முன்னாடி எந்த வரிசையில் செக் பண்ணணும்.

லீன்னா என்ன?

எஞ்சினுக்குள்ள பெட்ரோல் எரியணும்னா காத்து வேணும். 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய கிட்டத்தட்ட 14.7 கிலோ காத்து தேவை. காத்து இதைவிட ஜாஸ்தியாவோ, பெட்ரோல் கம்மியாவோ போச்சுன்னா அது லீன். பெட்ரோல் ஜாஸ்தியா இருந்தா ரிச்.

இந்த அளவைப் பார்த்துக்கிற வேலை கார்ல இருக்கிற கம்ப்யூட்டருக்கு. ஈசியூன்னு சொல்வோம். காத்து எவ்வளவு உள்ள வருதுன்னு ஒரு சென்சார் சொல்லும். அதுக்கு ஏத்த மாதிரி ஈசியூ இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் விடும். எரிஞ்சு முடிஞ்சு வெளிய போற புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கான்னு சைலன்சர் பைப்ல இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சொல்லும். மிச்சம் இருந்தா லீன். உடனே ஈசியூ பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும். இல்லைன்னா குறைக்கும். ஒரு செகண்டுக்குள்ளயே இந்தக் கூட்டல் கழித்தல் திரும்பத் திரும்ப நடந்துக்கிட்டே இருக்கும்.

இந்தக் கூட்டல் கழித்தலுக்குப் பேர்தான் ஃப்யூயல் ட்ரிம். இதை நம்ம பேங்க் பாஷையில் சொன்னா ஓவர்டிராஃப்ட் மாதிரி. வழக்கமான அளவைவிட 5% கூடுதலா பெட்ரோல் விட்டா ட்ரிம் பிளஸ் 5. குறைச்சா மைனஸ் 5. ரெண்டு வகை இருக்கு. அந்த நிமிஷத்துக் கணக்கு ஷார்ட் டேர்ம் ட்ரிம். நாள்கணக்குல பழகி வச்சிருக்கிறது லாங் டேர்ம் ட்ரிம். ரெண்டையும் கூட்டிப் பார்க்கணும். பிளஸ் 10, மைனஸ் 10க்குள்ள இருந்தா பொதுவா பயப்பட ஒண்ணுமில்லை. ரெண்டும் சேர்ந்து பிளஸ் 25 பக்கத்துல போனா, "என்னால இதுக்கு மேல சமாளிக்க முடியலை"ன்னு ஈசியூ கையைத் தூக்கும். லைட் எரியும். அந்த எல்லை கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

அப்போ பி 0171 என்ன சொல்லுது? "ஓவர்டிராஃப்ட் லிமிட் தாண்டிடுச்சு"ங்கிறதை மட்டும்தான். பணம் எங்க ஒழுகுதுன்னு சொல்லலை. ஆக்ஸிஜன் சென்சார் போச்சுன்னும் சொல்லலை. பெரும்பாலும் அந்த சென்சார்தான் ஒழுங்கா வேலை பார்த்து இந்தத் தகவலையே கொடுத்திருக்கும்! தகவல் சொன்னவனையே வேலையை விட்டுத் தூக்குற மாதிரிதான் முதல் வேலையா சென்சாரை மாத்துறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா கிண்டுறவரு, ஒரு ஈடு பதம் தப்பிப்போச்சுன்னா சட்டி, அடுப்பு, கரண்டி, பால்காரர்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த மாட்டாரு. தீ ஜாஸ்தியா, பால் தண்ணியா, சர்க்கரை முன்னாடியே போட்டோமான்னு ஒவ்வொண்ணாப் பார்ப்பாரு. கார்லயும் அதே புத்திதான் வேணும்.

காரணம் எங்கெல்லாம் இருக்கலாம்?

லீன் ஆகுறதுக்கு மூணே வழிதான்.

1. கணக்குல வராத காத்து உள்ள நுழையுது. வேக்கம் ஹோஸ்ல விரிசல், இன்டேக் கேஸ்கெட் லீக், க்ளாம்ப் லூஸ். அல்லது காத்தை அளக்கிற ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்காகி, வர்ற காத்தைவிடக் கம்மியா கணக்கு சொல்லுது.

2. பெட்ரோல் பத்தலை. ஃபில்டர் அடைப்பு, பம்ப் வீக், இன்ஜெக்டர் அடைப்பு.

3. அளவு சரி, ஆனா தகவல் தப்பு. ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னாடி சைலன்சர் பைப்ல ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள போகும். சென்சார் அதையும் ஆக்ஸிஜன்னுதான் பார்க்கும். ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிச்சாலும் இதே கதை. எரியாத காத்து அப்படியே வெளிய வரும், சென்சார் லீன்னு சொல்லும். சென்சாரே கெட்டுப்போறதும் உண்டு. ஆனா லிஸ்ட்ல அது கடைசி.

முதல் வழியில் இருக்கிறதெல்லாம் பெரும்பாலும் நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் விஷயம். ரெண்டாவது, மூணாவது வழிதான் ஆயிரக்கணக்குல போகும். அவன் எஸ்டிமேட்ல முதல் வழியில் இருந்து ஒரு ஐட்டம்கூட இல்லைங்கிறதைக் கவனிங்க.

ரோடே டெஸ்ட் டிராக்

நான் அவனை ஒரு ஓபிடி புளூடூத் ஸ்கேனர் வாங்கச் சொன்னேன். 700 முதல் 1,500 ரூபாய்க்குள்ள ஆன்லைன்ல கிடைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழ டேஷ்போர்டு அடியில் 16 பின் சாக்கெட் இருக்கும். 2013க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்கள்ல பெரும்பாலும் இது உண்டு. அதுல சொருகிட்டு, போன்ல ஒரு ஆப் போட்டா ட்ரிம் நம்பர் நேரலையா தெரியும். அவன் அதைக்கூட வாங்கலை. ஆபீஸ்ல ஒரு அண்ணன்கிட்ட இரவல் வாங்கிட்டான். நம்ம சேனலை ஒழுங்கா பார்க்கிற பையன்!

இப்போ ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. திருமங்கலத்துல இருந்து கொல்லம் போற தேசிய நெடுஞ்சாலை 744 இது. ரெண்டு ஊருக்கும் நடுவுல சுமார் 11 கிலோமீட்டர். ஊருக்குள்ள பஞ்சு மார்க்கெட் பக்கம் பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னு நின்னு ஐடிலிங்ல நகரணும். ஊரைத் தாண்டினா ஒரே சீரா 60, 70ல போகலாம். மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிப் பக்கம் வந்தா ஐடிலிங். லீன் பிரச்சினையைக் கண்டுபிடிக்க நமக்கு வேண்டிய ரெண்டு நிலைமையும் இந்த ரோட்டுலயே இருக்கு: நின்னுக்கிட்டு இருக்கும்போது ட்ரிம் என்ன, ஓடும்போது என்ன.

ஒரு விஷயம். ஓட்டிக்கிட்டே போனைப் பார்க்காதீங்க. ஆப்ல ரெக்கார்டிங் வசதி இருக்கும், அதைப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து பாருங்க. இல்லைன்னா வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, எஞ்சின் சூடானதும் ஐடிலிங்ல ஒரு தடவை, 2,500 ஆர்பிஎம்ல ரேஸ் பண்ணி ஒரு தடவை பார்த்தாலும் போதும். மூடின ஷெட்டுக்குள்ள எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவே கூடாது. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு உயிரை வாங்கும்.

நம்பரை எப்படிப் படிக்கிறது?

ஐடிலிங்ல ட்ரிம் ஜாஸ்தி, ரேஸ் பண்ணினா இறங்குது: காத்து லீக். ஓட்டை ஒரே சைஸ்தான். ஐடிலிங்ல எஞ்சினுக்குப் போற காத்தே கம்மிங்கிறதால ஓட்டை வழியா வர்றது பெரிய பங்கு. ரேஸ் பண்ணும்போது உள்ள போற காத்து பல மடங்கு ஆயிடும், ஓட்டைக் காத்து சில்லறை ஆயிடும்.

ஐடிலிங்ல ஓகே, ஸ்பீடு எடுத்தா ட்ரிம் ஏறுது: பெட்ரோல் பத்தலை. ஃபில்டர், பம்ப் பக்கம் பார்க்கணும். அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சாரும் இதே மாதிரி காட்டும். அதனால பம்பை மாத்துறதுக்கு முன்னாடி சென்சார் கிளீனிங்.

ரெண்டு நிலைமையிலும் ஒரே அளவு ஜாஸ்தி: ஃப்யூயல் பிரஷர் கம்மி, இன்ஜெக்டர் அடைப்பு, சைலன்சர் பைப் லீக், கடைசியா சென்சார்.

சித்தி பையன் அனுப்பின நம்பர்: ஐடிலிங்ல லாங் டேர்ம் பிளஸ் 19, ஷார்ட் டேர்ம் பிளஸ் 6. மொத்தம் 25. 2,500 ஆர்பிஎம்ல பிளஸ் 5, பிளஸ் 2. மொத்தம் 7.

நம்பரே வாயைத் திறந்து சொல்லுது பாருங்க. பம்ப் வீக்கா இருந்தா ஸ்பீடுல ட்ரிம் ஏறியிருக்கணும். இங்க இறங்குது. அப்போ அந்த 9,600 ரூபாய் ஃப்யூயல் பம்ப் தேவையே இல்லை. ஆக்ஸிஜன் சென்சார் செத்திருந்தா ரேஸ் பண்ணும்போது இவ்வளவு அழகா மாறியிருக்காது. அந்த 8,200ம் பெரும்பாலும் வேண்டாம். ரெண்டு ஸ்கிரீன்ஷாட்ல 17,800 ரூபாய்க்குக் கேள்விக்குறி விழுந்துடுச்சு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். சில கார்கள்ல காத்தை நேரா அளக்கிற ஏர் ஃப்ளோ சென்சார் இருக்காது. இன்டேக் மேனிஃபோல்டுல இருக்கிற அழுத்தத்தை வச்சு ஈசியூ கணக்குப் போடும். நம்ம ஊர்ல ஓடுற சின்னக் கார்கள் நிறைய இந்த வகைதான். அதுல காத்து லீக் இருந்தா அந்தக் காத்தும் ஓரளவு கணக்குல வந்துடும். அதனால லீன் கோட் வராம, ஐடிலிங் ஆர்பிஎம் மட்டும் ஏறி நிக்கலாம். உங்க கார் எந்த வகைன்னு மெக்கானிக்கிட்ட கேட்டுக்கிட்டு மேல சொன்னதைப் பயன்படுத்துங்க. இவன் கார்ல ஏர் ஃப்ளோ சென்சார் இருந்தது.

கடைசியில் என்ன கிடைச்சது?

ராஜபாளையத்துலயே தனியா கடை வச்சிருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போகச் சொன்னேன். போன உடனே "பார்ட் எதுவும் மாத்த வேண்டாம்ணே, முதல்ல காத்து லீக் எங்கேன்னு மட்டும் பாருங்க, அதுக்குத் தனியா காசு கொடுத்துடறேன்"னு சொல்லச் சொன்னேன். இந்த வரி முக்கியம். கண்டுபிடிக்கிற வேலைக்கு நாம காசு கொடுக்கலைன்னா, அவரு பார்ட் வித்துத்தான் சம்பாதிக்கணும். தப்பு அவரு மேல மட்டும் இல்லை.

அவர் போனட்டைத் திறந்து எஞ்சினை ஐடிலிங்ல விட்டு, முதல்ல காதை வச்சுக் கேட்டாரு. மெல்லிசா ஒரு 'உஸ்' சத்தம். த்ராட்டில் பாடிக்குப் பின்னாடி போற பிசிவி ஹோஸை விரலால் அமுக்கினதும் சத்தம் நின்னுச்சு, எஞ்சின் ஆட்டமும் குறைஞ்சது. பிசிவிங்கிறது எஞ்சினுக்குள்ள சேர்ற ஆயில் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புற ஒரு சின்ன வால்வு. அதோட ரப்பர் ஹோஸ் பத்து வருஷ சூட்டுல காஞ்சு, அடிப்பக்கம் வளைவுல விரிசல் விட்டிருந்தது. மேல இருந்து பார்த்தா தெரியாது.

பில்:

- செக் பண்ணினதுக்கு: 500
- பிசிவி ஹோஸ்: 420
- க்ளாம்ப் ரெண்டு: 80
- ஏர் ஃப்ளோ சென்சார் கிளீனர் ஸ்பிரே: 450
- மாட்டுக்கூலி: 300
- மொத்தம்: 1,750 ரூபாய்

மாட்டினதும் கோடை அழிச்சுட்டு, ரெண்டு நாள் ஆபீஸ் போய் வந்து திரும்பப் பார்த்தான். ஐடிலிங்ல பிளஸ் 4, ரேஸ்ல பிளஸ் 4. லைட் திரும்ப வரலை. மிச்சம் 23,050 ரூபாய். ஸ்பார்க் பிளக் மாத்துற கிலோமீட்டர் வந்திருந்ததால, அதை அடுத்த மாசச் சம்பளத்துல மாத்திக்கிட்டான். அது நியாயமான செலவு.

இதுல அதிர்ஷ்டமும் இருக்குன்னு ஒத்துக்கறேன். எல்லாருக்கும் 420 ரூபாய் ஹோஸ்ல முடியாது. சிலருக்கு உண்மையிலேயே பம்ப் போயிருக்கும். அப்போ 9,600 கொடுத்துத்தான் ஆகணும். ஆனா அப்போ பம்புக்கு மட்டும் கொடுப்பீங்க, அஞ்சு ஐட்டத்துக்குக் கொடுக்க மாட்டீங்க.

நீங்க ஃபாலோ பண்ண வேண்டிய வரிசை

1. லைட் சும்மா எரியுதா, விட்டு விட்டு மின்னுதான்னு பாருங்க. மின்னினா மிஸ்ஸிங் கடுமையா இருக்குன்னு அர்த்தம். ஓட்டாதீங்க, ஓரமா நிறுத்துங்க. சும்மா எரிஞ்சா மெதுவா வீட்டுக்குப் போகலாம்.

2. கார் வாரன்டியில் இருந்தா எதையும் தொடாதீங்க. நேரா சர்வீஸ் சென்டர்.

3. கோடை அழிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. லைட் எரிஞ்ச நேரத்துல ஆர்பிஎம், ஸ்பீடு, எஞ்சின் சூடு என்னன்னு ஃப்ரீஸ் ஃப்ரேம்ங்கிற பக்கத்துல இருக்கும். அதையும் எடுங்க. "பேட்டரியைக் கழட்டி மாட்டினா லைட் போயிடும்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. தடயம் போகும், நோய் போகாது.

4. ஐடிலிங் ட்ரிம், 2,500 ஆர்பிஎம் ட்ரிம், ரெண்டையும் குறிச்சு வைங்க.

5. கண்ணுக்குத் தெரியறதைப் பாருங்க. ஏர் ஃபில்டர் பாக்ஸ் மூடி சரியா உக்காந்திருக்கா, க்ளாம்ப் இறுகியிருக்கா, ஹோஸ் வெடிச்சிருக்கா. கடைசியா சர்வீஸ் விட்ட உடனே பிரச்சினை ஆரம்பிச்சிருந்தா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும்.

6. பிரேக் பூஸ்டருக்குப் போற ஹோஸும் இதே வேக்கம்தான். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பிரேக்கை அஞ்சாறு தடவை மிதிங்க, கெட்டியாகும். மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணினா பெடல் கொஞ்சம் கீழ இறங்கணும். இறங்கலைன்னா அன்னைக்கே மெக்கானிக்கிட்ட காட்டுங்க. இது காசு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

7. ஏர் ஃப்ளோ சென்சார் கிளீனிங். அதுக்குன்னே விக்கிற ஸ்பிரே மட்டும்தான். பெட்ரோல், கார்புரேட்டர் கிளீனர், துணி எதுவும் படக் கூடாது. உள்ள இருக்கிற கம்பி முடி மாதிரி மெல்லிசு.

8. இதுக்கு அப்புறம்தான் ஃப்யூயல் பிரஷர் டெஸ்ட். கேஜ் மாட்டிப் பார்க்கணும். சாதாரண பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்கள்ல 3 முதல் 4 பார் வரை இருக்கும், உங்க மாடலுக்கு உள்ள சரியான அளவு மெக்கானிக்குக்குத் தெரியும். பெட்ரோல் லைனை வீட்டுல நீங்களே கழட்டாதீங்க. அதே மாதிரி, சூடான எஞ்சின் மேல ஸ்பிரே அடிச்சு லீக் தேடுற வித்தையை யூடியூப் பார்த்து நீங்க செய்யாதீங்க. தீப்பிடிக்கும்.

9. கடைசியாத்தான் ஆக்ஸிஜன் சென்சார்.

10. ரிப்பேருக்கு அப்புறம் ட்ரிம் திரும்பப் பாருங்க. லைட் அணைஞ்சது ஆதாரம் இல்லை, நம்பர் இறங்கினதுதான் ஆதாரம்.

"எல்லாம் இ20 பெட்ரோலால தான்"

அந்த ஒர்க்‌ஷாப்ல இவன்கிட்ட இப்படியும் சொல்லியிருக்காங்க. இதுல பாதி உண்மை இருக்கு.

எத்தனாலுக்குள்ளயே ஆக்ஸிஜன் இருக்கு. எடையில் கிட்டத்தட்ட 35%. அதனால எத்தனால் எரிய காத்து கம்மியாத்தான் வேணும்: 1 கிலோவுக்குச் சுமார் 9 கிலோ. 20% எத்தனால் கலந்தா தேவை 14.7ல இருந்து 13.5 பக்கத்துல இறங்கும். 10% கலந்த பெட்ரோலுக்கு 14.1. ஆக, பழைய 10% பெட்ரோலுக்குப் பழகின கார்ல 20% பெட்ரோல் ஊத்தினா, 4 முதல் 5% வரை லீன் பக்கம் சாயும். ஈசியூ அதை ட்ரிம்ல பிளஸ் 4, 5ன்னு சரிக்கட்டிக்கும். இவனுக்கு ரிப்பேருக்கு அப்புறமும் பிளஸ் 4 நின்னுச்சு இல்லையா? அந்த மிச்சம் பெரும்பாலும் இதுதான்.

ஆனா பிளஸ் 25க்கு இ20 மட்டும் காரணமா இருக்க முடியாது. அது செய்யறது என்னன்னா, ஓவர்டிராஃப்ட் லிமிட்ல 5ஐ நிரந்தரமா எடுத்துக்குது. முன்னாடி பிளஸ் 20ல வெளிய தெரியாம ஓடிக்கிட்டிருந்த சின்ன லீக், இப்போ லைட்டை எரிய வைக்குது. அதோட, 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த பல கார்களோட ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் இவ்வளவு எத்தனாலை மனசுல வச்சுச் செஞ்சதில்லை. பழைய கார் வச்சிருக்கிறவங்க பெட்ரோல் லைன் ரப்பரை சர்வீஸ்ல ஒரு கண்ணு பார்க்கச் சொல்லுங்க.

மைலேஜும் கொஞ்சம் குறையும். நிதி ஆயோக் 2021ல வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைச்சு 10%க்கு டியூன் பண்ணின நாலு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7% வரை குறையும்னு போட்டிருக்காங்க. அதுக்கு மேல உங்க மைலேஜ் விழுந்தா, இ20 மேல பழியைப் போட்டுட்டு சும்மா இருக்காதீங்க.

"லைட்தானே எரியுது, ஓடட்டும்"னு விட்டா?

இது எதிர்ப்பக்கத் தப்பு. பயந்துபோய் 25,000 செலவு பண்றது ஒரு தப்புன்னா, கண்டுக்காம ஓட்டுறது இன்னொரு தப்பு.

இவன் கணக்கையே எடுத்துக்குவோம். தினமும் போக வர 24 கிலோமீட்டர், மாசம் 25 நாள், 600 கிலோமீட்டர். 16 கொடுத்த வண்டி 14க்கு இறங்கியிருந்தது. பெட்ரோல் 102 ரூபாய்னு வச்சா முன்னாடி மாசம் 3,825, இப்போ 4,371. வித்தியாசம் 546. ஆறு மாசம் விட்டா 3,276 ரூபாய். ரிப்பேர் செலவைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

அது சின்ன நஷ்டம். கலவை லீனாவே இருந்தா மிஸ்ஸிங் வரும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள எரியும், அது சூடாகி உருகிப்போகலாம். அந்தப் பார்ட் மட்டும் சில பத்தாயிரங்கள். ஸ்பீடுல, பாரத்துல லீனா ஓடினா நாக்கிங் வந்து பிஸ்டன், வால்வு வரைக்கும் போகும்.

பொல்யூஷன் சர்டிஃபிகேட்டும் இருக்கு. பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களுக்கு பியூசி டெஸ்ட்ல லாம்ப்டான்னு ஒரு நம்பர் வரும். 1தான் சரியான கலவை. 0.97 முதல் 1.03 வரை அனுமதி. 1.03க்கு மேல போனா லீன் அல்லது சைலன்சர் லீக். உங்க பழைய பியூசி பேப்பரை எடுத்துப் பாருங்க. நாம காசு கொடுத்து எடுத்த டெஸ்ட் ரிசல்ட், ஒரு தடவைகூடப் படிச்சிருக்க மாட்டோம்! ஆனா லாம்ப்டா 1ல இருந்தா மட்டும் எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. ஈசியூ ட்ரிம்மைக் கூட்டிச் சமாளிச்சுக்கிட்டு இருக்கலாம். செல்லுபடியாகிற பியூசி இல்லாம ஓட்டினா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு.

ஒர்க்‌ஷாப்ல கேக்க வேண்டிய நாலு கேள்வி

1. இந்தப் பார்ட் போச்சுன்னு எந்த டெஸ்ட்ல தெரிஞ்சது?
2. ஐடிலிங்ல, ரேஸ்ல ட்ரிம் எவ்வளவு இருக்கு? ரிப்பேருக்கு அப்புறம் திரும்பக் காட்டுவீங்களா?
3. ஒவ்வொரு பார்ட்டா மாத்திப் பார்க்கலாமா? எது முதல்ல?
4. மாத்தினதும் அதே கோட் திரும்ப வந்தா என்ன பண்ணுவீங்க? கழட்டின பழைய பார்ட்டைக் கொடுப்பீங்களா?

மரியாதையாக் கேளுங்க. நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளைக் கேட்டா சந்தோஷப்படுவாரு. கோபப்பட்டா உங்களுக்குப் பதில் கிடைச்சிடுச்சு. நாலாவது கேள்வி ரொம்ப முக்கியம். சென்சார் மாதிரி எலக்ட்ரிகல் பார்ட்களை ஒரு தடவை மாட்டிட்டா, கடைக்காரங்க பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டாங்க. தப்பா மாத்தின 8,200 அப்படியே போன காசு.

கடைசியா நம்ம டிபார்ட்மென்ட்

எமர்ஜென்சி ஃபண்டு வேலை போனா, ஆஸ்பத்திரின்னா எடுக்கிறதுக்கு. பத்து வருஷக் கார்ல ஏதாவது ஒண்ணு போறது எமர்ஜென்சி இல்லை, எதிர்பார்க்க வேண்டிய செலவு. அதனால தனியா ஒரு கார் ஃபண்டு வைங்க. மாசம் 1,500 ரூபாய், ஒரு ரெக்கரிங் டெபாசிட்ல. வருஷத்துக்கு 18,000. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ், இந்த மாதிரி ஹோஸ் எல்லாத்துக்கும் அதுல இருந்து எடுங்க. சித்தி பையன் இந்த மாசம் ஆரம்பிச்சுட்டான். அவனோட 41,000 அப்படியே இருக்கு.

பெரிய எஸ்டிமேட் வந்தா லோனுக்கு வட்டி எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, அந்தச் செலவே தேவையான்னு கேளுங்க. 500 ரூபாய் கொடுத்துக் கண்டுபிடிக்கிறது, 25,000 ரூபாய் கொடுத்து யூகிக்கிறதைவிட எப்பவும் மலிவு.

ட்ரிம் நம்பரை ஆப்ல எப்படிப் பார்க்கிறதுன்னு வீடியோல ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டியிருக்கேன். உங்க கார்ல இந்த லைட் எரிஞ்சிருக்கா, கடைசியில் என்ன காரணமா இருந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்தவங்களுக்கு ஒரு எஸ்டிமேட் மிச்சமாகும்.

அடுத்த பதிவுல பார்க்கலாம்.